மதர்போர்டு வாங்கும்போது சிப்செட்டுக்கும் ஒலித் தரத்துக்கும் என்ன தொடர்பு?

ரைசன் 7 9700எக்ஸ் ப்ராசசரை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு பி650, பி850, எக்ஸ்870 ஆகிய மூன்றில் எந்தச் சிப்செட் (ப்ராசசரோடு மற்றப் பாகங்களை இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று ஆகியவற்றைப் பொருத்த வேண்டும். பகலில் வீடியோ எடிட்டிங்கும் குரல் பதிவும், இரவில் கேம். கையில் ஏற்கெனவே இருப்பவை 250 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றும் 5.1 ஸ்பீக்கர் செட் ஒன்றும். 'சவுண்டு நன்றாக வேண்டுமென்றால் எக்ஸ்870தான்' என்று கடைக்காரர் சொன்னது சரியா என்பதுதான் உங்கள் முதன்மையான ஐயம். சரியில்லை என்பது என் பதில். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில் குழப்பத்துக்கு இடம் கொடுத்திருப்பவர்கள் கடைக்காரர்கள் மட்டுமல்ல, பெயர் வைத்தவர்களும்தான்.

முதலில் பலருக்கும் தெரியாத ஒன்று: நீங்கள் சொன்ன மூன்று சிப்செட்டுகளும் சிலிக்கான் அளவில் ஒன்றே. ஏஎம்டிக்காக ஏஎஸ்மீடியா வடிவமைத்த 'புரோமன்டரி 21' என்ற சில்லுதான் பி650, பி850, எக்ஸ்870 மூன்றிலும் இருக்கிறது. எக்ஸ்670, எக்ஸ்670இ, எக்ஸ்870இ ஆகியவற்றில் அதே சில்லு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். அப்படியானால் பெயர்கள் ஏன் வேறு என்றால், அந்தப் பெயரைப் பயன்படுத்தும் மதர்போர்டு நிறுவனம் எதையெதைக் கட்டாயம் தர வேண்டும் என்று ஏஎம்டி விதித்திருக்கும் நிபந்தனைகள் வேறு. எக்ஸ்870 என்று பெயர் போட்டால் கிராஃபிக்ஸ் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட்டும் பிசிஐஇ 5.0 (இவற்றை ப்ராசசரோடு சேர்க்கும் இணைப்பின் வேகமான தலைமுறை) ஆக இருக்க வேண்டும், 40 கிகாபிட் யுஎஸ்பி4 போர்ட்டும் இருக்க வேண்டும். பி850க்கு முதல் எம்.2 ஸ்லாட்டில் மட்டும் 5.0 கட்டாயம். 2022இல் வந்த பி650க்கு இரண்டும் கட்டாயமில்லை, நிறுவனம் விரும்பினால் தரலாம். இந்த நிபந்தனைகள் எதிலும் ஒலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஒலி எங்கே உருவாகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1997இல் இன்டெல் வகுத்த ஏசி97 தரமும், 2004இல் அதற்குப் பதிலாக வந்த ஹெச்டி ஆடியோ தரமும் வேலையை இரண்டாகப் பிரிக்கின்றன. எண்களாக இருக்கும் ஒலித் தரவை எடுத்து அனுப்பும் கன்ட்ரோலர் ஒரு பக்கம். அந்த எண்களை மின்னழுத்த அலையாக மாற்றி ஜாக்கிற்கு அனுப்பும் கோடெக் என்ற தனிச் சில்லு மறுபக்கம். இன்டெல் தளங்களில் கன்ட்ரோலர் சிப்செட்டுக்குள் இருக்கிறது. உங்கள் ப்ராசசர் பொருந்தும் ஏஎம்5 தளத்திலோ அது ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது, சிப்செட்டுக்கு அதில் பங்கே இல்லை. எங்கிருந்தாலும் கன்ட்ரோலர் எண்களை அப்படியே கடத்துகிறது, அவ்வளவே. காதில் விழும் தரத்தைத் தீர்மானிப்பவை கோடெக், அதைச் சுற்றியுள்ள மின்சுற்று, அது பலகையில் உட்கார்ந்திருக்கும் இடம் ஆகிய மூன்றும்தான்.

சிப்செட்டைப் பார்த்து ஒலிக்காக மதர்போர்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்விடியா நிறுவனம் 2001இல் வெளியிட்ட என்ஃபோர்ஸ் சிப்செட்டிலும் அடுத்து வந்த என்ஃபோர்ஸ்2இலும் 'சவுண்ட்ஸ்டார்ம்' என்ற பெயரில் தனி ஒலிச் செயலி இருந்தது, கேம்களின் 5.1 ஒலியை அந்த நேரத்திலேயே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி ஒரே கேபிளில் அனுப்பும் திறன் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பலகைகளிலும் அனலாக் ஜாக்கிற்குப் பின்னால் இருந்தது சாதாரணமான தனிக் கோடெக் சில்லுதான். அன்றைக்கும் டிஜிட்டல் வழி வெளியேறிய ஒலிக்குத்தான் சிப்செட்டால் பயன் கிடைத்தது.

பின் ஏன் கடையில் அப்படிச் சொல்கிறார்கள் என்றால், விலை கூடிய சிப்செட்டுள்ள பலகையில் நல்ல கோடெக்கையும் வைப்பது நிறுவனங்களின் வழக்கம். அது விற்பனைத் திட்டமே தவிர விதியில்லை. எம்எஸ்ஐயின் மேக் பி650 டோமஹாக் பலகையில் ஏஎல்சி4080 என்ற உயர்தரக் கோடெக் இருக்கிறது. எக்ஸ்870 என்று பெயர் போட்டுக்கொண்டு, மிகச் சாதாரணமான ஏஎல்சி897 கோடெக்குடன் விற்கப்படும் பலகைகளும் சந்தையில் இருக்கின்றன. பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் 'ஆடியோ பூஸ்ட்', 'சுப்ரீம்எஃப்எக்ஸ்' போன்ற பெயர்கள் அந்தந்த நிறுவனம் தன் ஒலிப் பகுதிக்கு வைத்துக்கொண்ட வணிகப் பெயர்கள். தயாரிப்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் விவரக்குறிப்பைத் திறந்து, ஆடியோ என்ற வரியில் ஏஎல்சி என்று தொடங்கும் எண் என்ன என்று பாருங்கள்.

இனி ஒலியை ஒதுக்கிவிட்டு, சிப்செட்டை அதற்குரிய காரணத்துக்காகவே தேர்ந்தெடுப்போம். அதற்கு லேன், அதாவது தரவு ஓடும் தடம், பற்றிய கணக்கு தெரிந்தால் போதும். உங்கள் ப்ராசசரிலிருந்து பயன்படுத்தக் கிடைப்பவை 24 பிசிஐஇ லேன்கள். அவற்றில் 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கும், 4 முதல் எஸ்எஸ்டிக்கும் போய்விடும். மிச்சமுள்ள 4ஐ இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்கோ யுஎஸ்பி4க்கோ கொடுப்பது பலகையை வடிவமைப்பவரின் விருப்பம். இவற்றைத் தவிர இன்னும் 4 லேன்கள் சிப்செட்டுக்குப் போகின்றன. அந்த இணைப்பு பிசிஐஇ 4.0 வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் அளவில் ஓடுகிறது. சிப்செட்டில் தொங்கும் எஸ்எஸ்டி, சேட்டா டிஸ்க், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் இந்த ஒரே வழியைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸ்870இயில் இரண்டு சில்லுகள் இருந்தாலும், இரண்டாவது சில்லு முதல் சில்லின் வழியாகவே ப்ராசசரை அடைகிறது. ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை கூடுகிறதே ஒழிய அந்த வழி அகலமாவதில்லை.

உங்களிடம் இருக்கும் பொருள்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு கார்டு, இரண்டு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க் என்ற பட்டியலுக்கு ஒற்றைச் சில்லுப் பலகை தாராளமாகப் போதும். சொல்லப்போனால் எக்ஸ்870இல் உங்களுக்கு ஒரு சங்கடமும் காத்திருக்கலாம். யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் ப்ராசசரின் அந்த மிச்ச 4 லேன்கள் அதற்கான கன்ட்ரோலருக்குப் போய்விடுகின்றன. விளைவாக, பல எக்ஸ்870 பலகைகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகினால் ஒன்று யுஎஸ்பி4இன் வேகம் பாதியாகும், அல்லது கிராஃபிக்ஸ் ஸ்லாட் 16 லேனிலிருந்து 8க்கு இறங்கும். கையேட்டில் மிகச் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இது இருக்கும். வாங்குவதற்கு முன்பே கையேட்டைப் பதிவிறக்கி அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள். யுஎஸ்பி4 வழியாக வெளிப்புற டிஸ்க்கில் நாள்தோறும் பெரிய வீடியோ கோப்புகளை ஏற்றி இறக்குபவராக நீங்கள் இருந்தால் எக்ஸ்870க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பொருளுண்டு. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பி850, பி650 இரண்டில் எது என்றால், விலை வேறுபாடு சிறிதாக இருக்கும்வரை பி850. புதிய பலகை என்பதால் 9000 வரிசை ப்ராசசரை ஏற்கும் பயாஸ் (பலகையைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) ஆலையிலிருந்தே வந்துவிடும். பழைய இருப்பிலுள்ள பி650ஐ எடுத்தால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டிவரலாம், ஆகவே ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பெயர் ஒலிப்பைக் கேட்டு பி840ஐ பி850இன் தம்பி என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு பழைய சில்லு, சிப்செட்டிலிருந்து வரும் லேன்கள் பிசிஐஇ 3.0 வேகத்தோடு நின்றுவிடும், ப்ராசசரை ஓவர்கிளாக் செய்யவும் முடியாது. ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 9700எக்ஸ் 65 வாட் ப்ராசசர், ஓரளவு ஒழுங்கான எந்த பி வரிசைப் பலகையும் அதைத் தாங்கும். ராம் இரண்டு குச்சிகளாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்5இல் டிடிஆர்5 வேகம் வெகுவாகக் குறைகிறது, ஏஎம்டியின் அதிகாரபூர்வ அளவே நான்கு குச்சிகளுக்கு 3600தான்.

இப்போது ஒலிக்கு வருவோம். கோடெக் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மதர்போர்டின் 3.5 மி.மீ. ஜாக்கை நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தப் போகிறீர்களா? மானிட்டர் அல்லது டிவியின் ஸ்பீக்கரில் கேட்டால் ஒலி ஹெச்டிஎம்ஐ வழியாக கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து போகிறது. யுஎஸ்பி ஹெட்செட், யுஎஸ்பி மைக், ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஆகியவற்றுக்குள் அவற்றுக்கே உரிய மாற்றுச் சில்லு இருக்கிறது. இவற்றை மட்டும் பயன்படுத்துபவருக்குப் பலகையில் ஏஎல்சி897 இருந்தால் என்ன, ஏஎல்சி4080 இருந்தால் என்ன, அந்தச் சில்லு ஆயுள் முழுக்கச் சும்மாதான் கிடக்கும். உங்களுக்கு ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் அனலாக் என்பதால் தொடர்ந்து பார்க்கலாம்.

கோடெக்குகளின் விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது சிக்னல்–இரைச்சல் விகிதம். ஏஎல்சி897இல் ஒலி வெளியீட்டுக்கு அது 95 டெசிபல் அளவில் இருக்கும். ஏஎல்சி1220இல் 120 டெசிபல். 16 பிட் குறுந்தகட்டின் வீச்சே 96 டெசிபல்தான் என்பதால், தாளளவில் பார்த்தால் மலிவான கோடெக்கே பாட்டு கேட்கப் போதுமானது. ஃபேன் சுழலும் அறையில் உட்கார்ந்து 95க்கும் 120க்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது யாருக்கும் எளிதன்று. ஆனால் அந்த எண்கள் சில்லு மட்டும் தனியாக, தூய்மையான மின்சாரத்தில் அளக்கப்பட்டவை. மதர்போர்டில் அதே சில்லுக்கு அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டும், இடைவிடாமல் சுவிட்ச் ஆகும் விஆர்எம்மும் இருக்கின்றன. மவுஸை நகர்த்தும்போது ஹெட்ஃபோனில் கேட்கும் 'ஜீ...' என்ற ரீங்காரமும், கேம் தொடங்கியதும் கூடும் கரகரப்பும் அங்கிருந்துதான் ஏறுகின்றன.

அதனால்தான் பலகையின் அமைப்பைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக்கி, பின்பக்க ஜாக்குகளிலிருந்து கீழ் மூலை வரை பாருங்கள். ஒலிப் பகுதியை மற்ற பகுதியிலிருந்து பிரிக்கும் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டில் செம்புத் தடங்கள் இருக்காது, இரண்டு பகுதிகளின் கிரவுண்டும் ஓரிடத்தில் மட்டும் சேரும். கோட்டுக்கு உள்பக்கம் கோடெக்கும், அதையொட்டிப் பொன்னிறத்தில் உருளை வடிவக் கப்பாசிட்டர்களும் இருக்கும். சில பலகைகளில் கோடெக்கின் மேல் ஒரு உலோக மூடி இருக்கும், ஆனால் இந்த மூடியைவிட அந்தக் கோடு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்பதே முக்கியம் என்பது என் எண்ணம்.

அதைவிடவும் அதிகம் ஏமாற்றுவது கேபினட்டின் முன்பக்க ஜாக். அதற்குப் போகும் மெல்லிய கேபிள் பலகையின் கீழ் மூலையிலுள்ள 9 முள் ஹெட்டரிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் அடியிலேயே ஓடுகிறது. பல கேபினட்டுகளில் இந்தக் கேபிளுக்கு நல்ல உறைகூட இருக்காது. இரைச்சல் கேட்டால் ஹெட்ஃபோனை எடுத்துப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் குற்றம் கோடெக்கினுடையது அல்ல, அந்தக் கேபிளை மதர்போர்டு பொருத்தும் தட்டின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்தாலே பாதிக் குறை தீரும். பின்பக்கத்திலும் ரீங்காரம் கேட்டால், அடுத்து வீட்டின் எர்த்தைச் சந்தேகியுங்கள். எர்த் இணைப்பு இல்லாத பாயின்ட்டில் செருகிய கணினியின் கேபினட் மிதந்த நிலையில் நிற்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலுள்ள இரண்டு கப்பாசிட்டர்கள் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து அதன்மேல் ஏற்றிவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரலில் சுருக்கென்று மட்டும் உணர்வோம். அதே மின்னழுத்தம்தான் ஸ்பீக்கர் ஒயர் வழியாக 50 ஹெர்ட்ஸ் உறுமலாக வெளியே வருகிறது. இதற்கு எந்த விலை மதர்போர்டும் மருந்தாகாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்; கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவும் வேண்டும்.

உங்கள் 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ வகையை எடுத்துக்கொண்டால், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று குறிப்பிட்டிருப்பார்கள். 250 ஓமில் 1 மில்லிவாட் என்றால் அரை வோல்ட் வேண்டும். சாதாரண வெளியீடு 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால் உச்சம் 102 டெசிபல், 2 வோல்ட் தரும் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) இருந்தால் 108. இந்தக் காலப் பாட்டுகள் ஏற்கெனவே உரக்கவே பதிவாகியிருப்பதால் 102 போதும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் எடிட் செய்யும் பதிவு தாழ்ந்த அளவில் இருந்தாலோ, மெல்லிய உரையாடல்கள் நிறைந்த படமாக இருந்தாலோ வால்யூமை முழுக்க ஏற்றியும் போதவில்லை என்று சலித்துக்கொள்வீர்கள். விலை குறைந்த கோடெக்கிற்கும் உயர்ந்த கோடெக்கிற்கும் அன்றாடத்தில் உணரக்கூடிய வேறுபாடு இந்த ஆம்ப்தான், 120 டெசிபல் என்ற எண் அல்ல. ஆம்ப் பின்பக்கத்துக்கா முன்பக்கத்துக்கா என்பதும் பலகைக்குப் பலகை மாறும். பெரும்பாலும் முன்பக்க ஜாக்கிற்குத்தான் கொடுத்திருப்பார்கள்.

ஏஎல்சி4080 பற்றி ஒரு குறிப்பு. இது ஹெச்டி ஆடியோ வழியாக அல்லாமல் பலகைக்குள்ளேயே யுஎஸ்பி வழியாக இணைகிறது. கேட்பதில் வேறுபாடு ஒன்றுமில்லை; ஆனால் லினக்ஸ் பயன்படுத்துவதாக இருந்தால், தொடக்க காலத்தில் இதற்குத் தனி அமைப்புக் கோப்புகள் தேவைப்பட்டன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு புதிய பதிப்பையே நிறுவுங்கள்.

5.1 ஸ்பீக்கர் விஷயத்தில்தான் பலர் பலகையை வாங்கி வந்தபின் திகைக்கிறார்கள். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஒயர்கள் அந்த செட்டிலிருந்து வரும். புதிய பலகைகளில் பலவற்றில், விலை கூடியவற்றிலும்கூட, பின்பக்கம் இரண்டே ஜாக்குகளும் ஒரு ஆப்டிகல் போர்ட்டும்தான் இருக்கின்றன. விவரக்குறிப்பில் 7.1 என்றே போட்டிருக்கும், ஆனால் அதைப் பெற முன்பக்க ஜாக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஆப்டிகல் வழியாகப் போகலாம் என்றாலும் உங்கள் செட்டில் அதற்கான டிகோடர் இருந்தால்தான் முடியும். அந்தக் கேபிள் சுருக்காத ஒலியை ஸ்டீரியோவாக மட்டுமே கொண்டு செல்லும், கேமின் 5.1 ஒலி போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற சுருக்கும் மென்பொருளும் பலகையோடு வர வேண்டும். ஆகவே பின்பக்கப் படத்தில் ஜாக்குகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பலகை உங்களுக்கானது அன்று. மூன்றே இருந்தால் 5.1க்கு நீல, இளஞ்சிவப்பு ஜாக்குகளும் வெளியீடாக மாறிவிடும், மைக்கை முன்பக்கத்தில்தான் செருக முடியும்.

மைக் என்றதும் குரல் பதிவுக்கு வருகிறேன், உங்கள் தேவைகளில் மதர்போர்டை நம்பக் கூடாதது இது ஒன்றுதான். கோடெக்குகளின் பதிவுப் பகுதி வெளியீட்டுப் பகுதியைவிட எப்போதும் ஒரு படி கீழே இருக்கும். மைக்கிலிருந்து வரும் சிக்னலோ மிகச் சிறியது. விண்டோஸில் மைக் பூஸ்ட்டை 20, 30 டெசிபல் என்று ஏற்றினால் குரலோடு பலகையின் இரைச்சலும் அதே அளவு ஏறும். ஸ்டுடியோவில் காணும் கன்டென்சர் மைக்குகள் மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் கேட்பவை, கணினியின் இளஞ்சிவப்பு ஜாக் தருவது இரண்டு மூன்று வோல்ட் மட்டுமே. ஏஎல்சி1220 ஆனாலும் ஏஎல்சி4080 ஆனாலும் இது மாறாது. எக்ஸ்870க்கும் பி850க்கும் உள்ள விலை வேறுபாட்டை எடுத்து, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் போடுங்கள். எக்ஸ்எல்ஆர் மைக், ஃபேன்டம் பவர், பதிவில் தாமதத்தைக் குறைக்கும் நம்பகமான ஏசியோ டிரைவர், கணினியின் இரைச்சலுக்கு வெளியே ஒரு ஹெட்ஃபோன் ஜாக் எல்லாம் அதில் கிடைக்கும். அடுத்த கணினிக்கும் அதே பெட்டி உதவும்.

அப்படிச் செய்தால் உங்கள் கேள்வியே மாறிவிடுகிறது. மைக்கும் 250 ஓம் ஹெட்ஃபோனும் இன்டர்ஃபேஸுக்குப் போய்விட்டால், பலகையின் ஒலிப் பகுதிக்கு மிஞ்சும் வேலை 5.1 ஸ்பீக்கர் செட்டை இயக்குவது மட்டுமே. அதற்கு ஏஎல்சி897 போதும். ஜாக்குகள்தான் குறைந்தது மூன்று வேண்டும், ஐந்தானால் இன்னும் நல்லது. ஆக, முதல் எஸ்எஸ்டி ப்ராசசரிலும் இரண்டாவது எஸ்எஸ்டி ப்ராசசரிலோ சிப்செட்டிலோ கிராஃபிக்ஸ் லேனைத் தொடாமல் பொருந்துகிற, பின்பக்கம் மூன்று அல்லது ஐந்து ஜாக்குள்ள ஒரு பி850 பலகையைத் தேடுங்கள். அப்படி ஒன்று கையில் அகப்படாமல், அதே தகுதிகளோடு பி650 கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸ் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுவதாக இருந்தால் மட்டும், ஏஎல்சி1220 அல்லது ஏஎல்சி4080 உள்ள பலகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம், அதுவும் ஹெட்ஃபோனுக்காகத்தான். பலகை வந்ததும், கடையில் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், ஹெட்ஃபோனைப் பின்பக்கம் செருகி, ஒரு கேமைத் திறந்து அதன் ஒலியை மட்டும் நிறுத்திவைத்து, வேறு எதையும் ஒலிக்கவிடாமல் வால்யூமை முழுக்க ஏற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள்.